பவுடரில் பிழையா, காற்றில் பிழையா?

இந்தப் பத்தியில் வழமையாகக் கடன், கொள்முதல், கணக்குக் கொப்பி என்றுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் காற்றைப் பற்றி எழுதப் போகிறேன். கேட், கிறில், கட்டில், கடை ராக்கை என்று ஏதாவது ஓர் இரும்புச் சாமானைப் பவுடர் கோட்டிங் செய்து விற்கும் நண்பர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். பட்டறை இல்லாதவர்களும் வாசிக்கலாம். பிழை எங்கே என்று தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் பழியைப் போட்டு, கடைசியில் இருவரும் நட்டப்படப் பார்த்த கதைதான் இது. அந்த இருவரில் ஒருவன் நான்.

எங்கள் தாராபுரம் மன்னார்த் தீவில் இருக்கிறது. எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். வருடத்தில் பாதி நாள் காற்று நிற்பதில்லை. தீவின் தென்கரையில் 2020 கடைசியில் திறந்த தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் சும்மா நிறுத்தி வைத்தவையல்ல. அந்தக் காற்று உப்பையும் மணலையும் சேர்த்துத்தான் கொண்டு வருகிறது. சாதாரணப் பெயின்ற் அடித்த கேட் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் துருப்பிடித்து விடும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த எங்கள் மக்கள் 2009க்குப் பிறகு கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கினார்கள். அப்போது இரும்பு வேலைக்கு ஓடர் கூடியது. பவுடர் கோட்டிங் என்ற சொல்லும் அதோடுதான் எங்கள் ஊருக்குள் புழக்கத்துக்கு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு தம்பி சிறிய அளவில் ஒரு கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து குதிரை வலு கொம்பிரசர், ஒரு ஸ்பிரே கன், தானே தகடடித்துச் செய்த கேஸ் ஓவன், இரண்டு பையன்கள். இவ்வளவுதான் மூலதனம். பவுடர் என் ஹார்ட்வெயார் கடையில் இருந்து கடனுக்குப் போகிறது. ஒரு நாள் காலை நான் கடைக் கதவைத் தூக்கும் போதே த்ரீவீலரில் ஒரு ஜன்னல் கிறிலை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"நானா, உங்கட பவுடர்லதான் பிழை. வந்து பாருங்க."

கறுப்பு நிறம். தூரத்தில் பார்த்தால் கண்ணாடி போல மின்னியது. கிட்டப் போனால் எள்ளளவு எள்ளளவாகக் குழிகள். குழியைச் சுற்றி ஒரு மேட்டு விளிம்பு. சில குழிகளின் அடியில் வெறும் இரும்பே தெரிந்தது. கொழும்புக்காரர் இதைப் பிஷ் ஐ என்பார்கள். மீன்பிடி ஊர்க்காரர்களான எங்களுக்கு மீன்கண் என்று சொல்வது இன்னும் சுலபம்.

எருக்கலம்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டு வேலை அது. 18 கிறில், இரண்டு கேட். அதில் 11 கிறில் இப்படிப் பழுதாகி விட்டது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. மிச்சப் பவுடரை நான் திருப்பி எடுக்க வேண்டும், பழுதான 11க்கும் கூலியை நான் ஏற்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

நானும் வியாபாரிதானே, முதலில் கோபம்தான் வந்தது. அதே பெட்ச் இலக்கம் போட்ட பெட்டிகளைப் புத்தளத்தில் இன்னொரு பட்டறைக்கும் அனுப்பியிருந்தேன். அவர்களுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இரண்டு பெட்டி முடிந்து விட்டது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். (பவுடர் விற்கும் நண்பர்கள் யாருக்கு எந்தப் பெட்ச் போனது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி எனக்கு அன்று பெரிய உதவி.) இதைச் சொன்னபோது தம்பி, "அப்ப எனக்கு வந்த பெட்டிதான் பழுது" என்றார். வாதத்தில் யாரும் வெல்லப் போவதில்லை என்று விளங்கியது. அஸர் தொழுதுவிட்டுப் பட்டறைக்கு வருகிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

இங்கே தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். பவுடர் கோட்டிங் 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் செய்த வேலையில் இருந்து வளர்ந்தது. அவர் பவுடரைக் காற்றால் கொதிக்க விடுவது போல ஊத வைத்து, சுடவைத்த இரும்பை அதற்குள் அமிழ்த்தினார். மின்னேற்றம் கொடுத்துக் கன்னால் அடிக்கும் முறை 1960களில் பரவியது. இன்று நாம் செய்வது அதுதான். காற்று பவுடரைத் தள்ளிக் கொண்டு போகிறது, கன் அதற்கு மின்னேற்றம் கொடுக்கிறது, எர்த் பண்ணிய இரும்பில் பவுடர் ஒட்டுகிறது, பிறகு ஓவனில் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருகி ஓடி ஒரே தோலாக இறுகுகிறது. தடிப்பு பொதுவாக 60 முதல் 80 மைக்ரோன். இதில் தின்னர் இல்லை, தண்ணீர் இல்லை. பவுடரைத் தொடும் ஒரே வெளிப்பொருள் காற்றுதான். அந்தக் காற்றில் எண்ணெய் இருந்தால் அது பவுடரோடு சேர்ந்து இரும்புக்குப் போகும்.

எண்ணெய் ஏன் குழி போடுகிறது? கழுவாத கறிச்சட்டியில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தை விட்டுத் தண்ணீர் ஒதுங்கி நிற்கும். ஓவனுக்குள் உருகிய பவுடரும் அதையே செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எண்ணெயைக் கண்டால் நாலு பக்கமும் விலகி ஓடுகிறது. விலகிய இடம் குழி, விலகிப் போனது குவிந்த இடம் அந்த மேட்டு விளிம்பு. கடற்கரை ஊரில் அந்தக் குழியில் இருந்துதான் முதல் துரு கிளம்பும்.

எல்லாக் குழியும் எண்ணெயால் வருவதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கல்வனைஸ் செய்த இரும்பிலும் வார்ப்பிரும்பிலும் ஊசி குத்தியது போல நுண்ணிய துளைகள் வரும். அது உலோகத்துக்குள் இருந்த வாயு சூட்டில் வெளியேறியதால் வருவது, விளிம்பு மேடு இருக்காது. பொக்ஸ் பார் கம்பனியில் இருந்து வரும் போதே துருப்பிடிக்காமல் இருக்க ஒயில் பூசி வரும். அதைச் சரியாகக் கழுவாவிட்டாலும் மீன்கண் விழும். பையன்களின் தலையில் வைத்த தேங்காயெண்ணெய் கையில் பட்டு, அந்தக் கையால் இரும்பைத் தூக்கினாலும் விழும். எல்லாவற்றிலும் மோசமானது சிலிக்கோன். பக்கத்துக் கராஜில் கார் டேஷ்போர்டுக்கு மினுக்கம் வைக்கும் ஸ்பிரேயை அடித்தால், அது காற்றில் மிதந்து வந்து உங்கள் பட்டறையைக் கெடுக்கும். ஆகவே பவுடர், கழுவல், ஓவன், காற்று என்று நாலு பேர் மேல் சந்தேகம். நாலு பேரையும் ஒரே நேரத்தில் விசாரித்தால் ஒன்றும் வெளிவராது.

அன்று பின்னேரம் நாங்கள் செய்த சோதனையை விவரமாகவே எழுதுகிறேன். செலவு ஒன்றுமில்லை.

ஒரு மெல்லிய தகட்டில் இருந்து சாண் அளவில் இரண்டு துண்டு வெட்டினோம். இரண்டையும் டிகிரீசரில் கழுவி, காயவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து இரண்டு தரம் துடைத்தோம். துணியின் ஒரே பக்கத்தால் திரும்பத் திரும்பத் துடைக்கக் கூடாது, எடுத்த எண்ணெயைத் திரும்பப் பூசுவதாகி விடும். முதல் துண்டைத் தட்டையாக வைத்து, கன்னைத் தொடாமல், கொம்பிரசரையே போடாமல், தேயிலை வடியில் பவுடரைப் போட்டு மெதுவாகத் தட்டி மாச் சலிப்பது போலத் தூவினோம். ஆடாமல் அசையாமல் தூக்கி ஓவனில் வைத்தோம். (வடி என் வீட்டுக் குசினியில் இருந்து போனது. திரும்பிக் குசினிக்குப் போகக் கூடாது. புது வடி வாங்கிக் கொடுக்கும் வரை எனக்குத் தேத்தண்ணீர் இல்லை என்று வீட்டில் சொல்லி விட்டார்கள்.)

இரண்டாவது துண்டின் ஒரு பாதியைக் கடதாசியால் மூடினோம். மூடாத பாதியில் கொம்பிரசர் காற்றை ஒரு நிமிடம் ஊதினோம். பிறகு கடதாசியை எடுத்துவிட்டு அதே வடியால் முழுத் துண்டுக்கும் பவுடர் தூவி ஓவனில் வைத்தோம்.

மஃரிபுக்கு முன் இரண்டும் வெளியே வந்தன. முதல் துண்டில் தடிப்பு மேடுபள்ளமாக இருந்தது, கையால் தூவியது அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு குழி கூட இல்லை. இரண்டாவது துண்டில் கடதாசி மூடிய பாதி சுத்தம். காற்றுப் பட்ட பாதியில் மீன்கண்கள். நடுவில் கோடு போட்டது போலப் பிரிந்திருந்தது. அதே பவுடர், அதே ஓவன், அதே கழுவல். வித்தியாசம் அந்த ஒரு நிமிடக் காற்று மட்டும்தான்.

தம்பி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நானா, தப்பா நினைக்காதீங்க" என்றார். நான் நினைக்கவில்லை. என் பவுடர் தப்பியது என்ற நிம்மதியில் இருந்தேன். ஆனால் ஒன்பது நாள் அப்படியேதான் இருந்தது.

காற்றில் எண்ணெய் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கே சேர்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கும் மிஷின் தேவையில்லை. வெள்ளைக் கடதாசியை ஒரு பலகையில் ஒட்டி, காற்று வரும் வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து அரை நிமிடம் ஊதுங்கள். தண்ணீர்ப் பொட்டு சற்று நேரத்தில் காய்ந்து மறையும். எண்ணெய்ப் பொட்டு மறையாது, வெளிச்சத்தில் பிடித்தால் கடதாசி ஊடுதெரியும். கையை நீட்டிப் பார்க்கிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் காற்றுத் தோலுக்குள் புகுந்தால் ஆளுக்கே ஆபத்து.

தொட்டி வாயில் ஒரு கடதாசி, சுவரில் இருந்த கிண்ண பில்டருக்குப் பிறகு ஒன்று, கன்னுக்குப் போகும் ஹோஸ் நுனியில் ஒன்று. மூன்றிலும் எண்ணெய். தொட்டி வாயிலேயே எண்ணெய் என்றால் கொம்பிரசரில் இருந்தே வருகிறது. தொட்டியின் அடி டேப்பைத் திறந்தால் பால் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு திரவம் கொட்டியது. எண்ணெயும் தண்ணீரும் அடித்துக் கலந்தால் அந்த நிறம்தான் வரும்.

"எப்ப கடைசியாத் திறந்தீங்க?" என்றேன். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மன்னார்க் காற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் இது விளங்கும். 30 பாகைச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று அதிகம் பிடித்தால் 30 கிராம் நீராவியைப் பிடிக்கும். கடற்கரையில் சாதாரணமாக 24 கிராம் வரை இருக்கும். இந்த அளவுக் கொம்பிரசர் நிமிடத்துக்கு 500 லீற்றர், அதாவது மணிக்கு 30 கன மீற்றர் காற்றை இழுக்கிறது என்று வைப்போம். அதை 100 பி.எஸ்.ஐ. வரை அமுக்கினால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்கிய காற்று ஆறும் போது அவ்வளவு நீராவியையும் தாங்காது. மணிக்கு அரை லீற்றருக்கு மேல் தண்ணீராக விழும். ஆறு மணி நேரம் ஓடினால் மூன்று லீற்றர் தாண்டும். அதைத் தினமும் திறந்து விடாவிட்டால் தொட்டி ஒரு கிணறு. அதில் மிதக்கும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து கிளம்பும்.

கொம்பிரசருக்கு எவ்வளவு ஒயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். தம்பிக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, "குறைஞ்சா ஊத்துவம்" என்றார். ஆனால் அவருக்குத் தெரியாவிட்டாலும் என் கடன் கொப்பிக்குத் தெரியும். இரவு கடையில் இருந்து புரட்டிப் பார்த்தேன். முந்திய வருடம் முழுவதற்கும் இரண்டே இரண்டு லீற்றர். இந்த வருடம் ஐந்து மாதத்துக்குள் நாலு லீற்றர். கொம்பிரசருக்குக் கீழே நிலம் காய்ந்து கிடந்ததை நானே பார்த்தேன், ஒழுகவில்லை. வாங்கிய சரக்கு ஸ்டொக்கிலும் இல்லை, வெளியே கொட்டவும் இல்லை என்றால் எங்கே போனது? எருக்கலம்பிட்டிக் கிறிலுக்குப் போயிருக்கிறது.

பவுடர் கன் செய்யும் கம்பனிகள் தங்கள் புத்தகத்தில் காற்றுக்கு ஓர் அளவு போட்டிருக்கின்றன. ஒரு கன மீற்றருக்கு எண்ணெய் 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வழமையான அளவு. ஐ.எஸ்.ஓ. 8573 என்ற உலகத் தரத்தில் எண்ணெய்க்கு இது இரண்டாம் வகுப்பு. நம் பாஷையில் சொன்னால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 4,400 மில்லிகிராம். அந்த அளவுப்படி 44,000 கன மீற்றர் காற்றுக்கு அதுவே உச்சம். தம்பியின் கொம்பிரசருக்கு அது 1,400 மணி நேரத்துக்கு மேல். அவரோ மாதத்துக்கு முக்கால் லீற்றருக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரும்பங்கு தொட்டியின் அடியில் தங்கியது என்று வைத்தாலும் மிச்சமே போதும்.

அடுத்த நாள் காலை மன்னார் டவுனில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். வயதானவர், அதிகம் கதைக்காதவர். முதலில் காற்று இழுக்கும் வாயில் இருக்கும் பில்டரைக் கழற்றினார். மணல், கிரைண்டர் தூசி, பவுடர் எல்லாம் சேர்ந்து அடை போல இறுகியிருந்தது. "மூக்கைப் பொத்தினா ஆள் எப்படி மூச்செடுக்கிறது?" என்றார். பில்டர் அடைத்தால் பிஸ்டன் கீழே இறங்கும் போது காற்று வராது, சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகும், அந்த வெற்றிடம் கீழே உள்ள ஒயிலை ரிங்குகளைத் தாண்டி மேலே இழுக்கும். ரிங்குகளும் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தேய்ந்திருந்தன. அதற்கு மேல், கொம்பிரசர் ஓவன் சுவருக்குப் பக்கத்தில் இருந்தது. சூட்டில் ஒயில் மெலிந்து ஆவியாகிறது. ஊற்றியதும் லொறி எஞ்சின் ஒயில். அது தண்ணீரோடு சேர்ந்து பால் போலக் கலங்கும் குணமுள்ளது, வால்வில் கரியும் பிடிக்கும். பிஸ்டன் கொம்பிரசருக்கென்று தனி ஒயில் இருக்கிறது. நம் சூட்டுக்குப் பெரும்பாலும் வி.ஜி. 100 என்று போட்டிருக்கும், மிஷினின் புத்தகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். எஞ்சின் ஒயிலை அவருக்கு விற்றவன் நான்தான். அவர் கேட்டார், நான் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரிங் மாற்றி, வால்வுத் தகடு சுத்தம் செய்து, சரியான ஒயிலைக் கண்ணாடிக் குறியின் நடு வரைக்கும் மட்டும் ஊற்றி, கொம்பிரசரை வடக்குச் சுவருக்கு வெளியே ஒரு கொட்டிலுக்கு மாற்ற மூன்று நாள் போனது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறியதில் இருந்து ரிங் செட் என்ன, போல்ட் என்ன, பழைய விலையை நினைத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது. இருந்தும் புது மிஷின் வாங்குவதோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. தம்பிக்கு ஒருவர் ஒயில் இல்லாத கொம்பிரசர் வாங்கும்படி புத்தி சொல்லியிருந்தார். நல்ல மிஷின்தான். ஆனால் அதுவும் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. பக்கத்தில் ஜெனரேட்டர் புகை இருந்தால் அந்த எண்ணெய்ப் புகையும் உள்ளே போகும். அதோடு, இந்தப் பட்டறையில் அதை வாங்கியிருந்தாலும் மீன்கண் நின்றிருக்காது. ஏன் என்று அடுத்த நாளே தெரிந்தது.

ஒரு கிறிலை அடித்துப் பார்த்தோம். குழி குறைந்திருந்தது. நிற்கவில்லை.

தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்து விட்டார். ஐந்து நாள்தான் மிச்சம். ரிங்குக்குக் கொடுத்த காசு வீண் என்று அவர் சொன்னபோது நானும் கொஞ்சம் நம்பினேன். மெக்கானிக் பெரியவர்தான், "முந்தி புடிச்ச கடதாசியத் திரும்பப் புடிங்க" என்றார். பிடித்தோம். தொட்டி வாயில் கடதாசி சுத்தம். ஹோஸ் நுனியில் எண்ணெய். முந்தி மூன்று இடத்திலும் இருந்தது, இப்போது ஒரு முனையில் மட்டும். கொம்பிரசருக்கும் கன்னுக்கும் இடையில் இன்னொரு இடத்தில் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

கறுப்பு ரப்பர் ஹோஸ் ஐந்து வருடப் பழசு. ஐந்து வருடமாக எண்ணெயைக் குடித்திருக்கிறது. காற்று சுத்தமானாலும் அது குடித்ததைக் கொஞ்சங் கொஞ்சமாகத் துப்பும். ஜி.ஐ. பைப் நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருந்தது. கன்னுக்குப் போகும் கிளையைப் பைப்பின் அடியில் இருந்து எடுத்திருந்தார்கள். தேங்கியது எல்லாம் நேரே கன்னுக்குத்தான் போகும்.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பெரியவர் பைப்பைத் தடவிக்கொண்டே போய்ச் சுவரில் கிண்ண பில்டருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கிண்ணத்தில் நின்றது. முந்தி அந்தக் கிண்ணத்தை நாங்கள் எல்லாரும் தண்ணீர் பில்டர் என்றே நினைத்திருந்தோம். உள்ளே பொன்னிறமாக எண்ணெய்.

"இது யார் நிரப்புறது?"

சின்னப் பையன் பெருமையாகக் கை தூக்கினான். "நான்தான் மாமா. ஒவ்வொரு நாளும் காலையில மறக்காம."

அது லுப்ரிகேட்டர். காற்றில் ஓடும் கிரைண்டருக்கும் டிரில்லருக்கும் உள்ளே எண்ணெய் வேண்டும், அதற்காகக் காற்றில் வேண்டுமென்றே எண்ணெயைச் சொட்டு சொட்டாகக் கலக்கும் கருவி. காற்றுக் கிரைண்டர் வாங்கியபோது விற்ற கடை அதையும் சேர்த்துக் கொடுத்து, தினமும் நிரப்பச் சொல்லியிருக்கிறது. சொன்னது சரி. பொருத்தியவர் அதைக் கிரைண்டர் கிளையில் பொருத்தாமல், கன்னுக்கும் கிரைண்டருக்கும் பிரிவதற்கு முன்னால் பெரிய பைப்பிலேயே பொருத்தி விட்டார். பையன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறான். கொம்பிரசரில் இருந்து போன எண்ணெய் பாதி, அவன் காலையில் ஊற்றியது பாதி. அவனை யாரும் ஏசவில்லை. ஏசுவதானால் அந்தச் சுவரை ஐந்து மாதமாகத் தினம் பார்த்த பெரியவர்கள் எல்லாரையும் ஏச வேண்டும்.

லுப்ரிகேட்டரைக் கழற்றிக் கிரைண்டர் மேசைக்கே கொண்டு போனோம். அந்தக் கிளையின் ஹோஸுக்குச் சிவப்பு டேப் சுற்றி, அதைக் கன்னுக்கு மாட்டக் கூடாது என்று வைத்தோம். கன்னுக்குப் புது ஹோஸ். பைப்பைக் கழற்றிச் சுடுதண்ணீரில் டிகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைத்து, மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு கொடுத்துத் திரும்பப் பூட்டினோம். கிளையை இம்முறை பைப்பின் மேற்பக்கத்தில் இருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்கினோம். சரிவின் முடிவில் ஒரு வடிகால் டேப்.

பில்டர் பற்றி நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சுவரில் கிண்ணம் தொங்கினால் காற்று சுத்தம் என்று. அந்தச் சாதாரணக் கிண்ணம் தண்ணீர்த் துளியையும் மணலையும் பிடிக்கும். எண்ணெய்ப் புகை ஒரு மைக்ரோனுக்கும் சின்னது, அது கிண்ணத்தைக் கடந்து போகும். அதைப் பிடிக்க 0.01 மைக்ரோன் என்று போட்ட கோலெஸிங் பில்டர் வேண்டும். அதுவும் ஆறிய காற்றில்தான் வேலை செய்யும். சுடுகாற்றில் எண்ணெய் ஆவியாக இருக்கும், ஆவி எந்தப் பஞ்சுக்குள்ளாலும் போகும். ஆகவே முதலில் காற்றை ஆற வைக்க வேண்டும், பிறகு தொட்டி, பிறகு முன் பில்டர், பிறகு டிரையர், பிறகு கோலெஸிங் பில்டர், மிஞ்சிய ஆவிக்குக் கடைசியில் கரி பில்டர். இந்த வரிசை முக்கியம். கரி பில்டரை முன்னால் வைத்தால் தண்ணீரும் எண்ணெயும் குடித்து ஒரு வாரத்தில் செத்து விடும். பில்டர் உள்ளுறைகளை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும், கரியை அதற்கும் முன்னால்.

குளிரூட்டி டிரையர் காற்றை 3 பாகை வரை குளிர்த்தித் தண்ணீரை எடுத்துவிடும். அதற்குப் பிறகு கன்னுக்கு வெளியே விரியும் காற்றில் கன மீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தண்ணீர்தான் இருக்கும். பவுடர் கட்டி பிடிக்காமல் ஓட அது போதும். தம்பியால் உடனே டிரையர் வாங்க முடியவில்லை. கோலெஸிங் பில்டர் மட்டும் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தது. காற்றை ஆற வைக்கப் பழைய ஏ.சி. கொயில் ஒன்றைப் பூட்டலாம் என்று ஒருவர் கொண்டு வந்தார். நான் தடுத்தேன். அந்தக் குழாய்க்குள் ஏ.சி.யின் எண்ணெய் இருக்கும், ஒன்றை விரட்டி இன்னொன்றை உள்ளே எடுப்பதாகி விடும். புதுச் செப்புக் குழாயை வளைத்து முன்னால் ஒரு மின்விசிறி வைத்தோம். அழகில்லை, ஆனால் தொட்டிக்குள் போகும் காற்று கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்தது.

பழுதான 11 கிறிலில் ஏழை மட்டத்தாளால் தேய்த்து, குழிகளை மட்டமாக்கி, தின்னரால் துடைத்து மேலே ஒரு கோட் அடித்தோம். நாலில் குழி இரும்பு வரை போயிருந்ததால் முழுவதையும் உரித்து முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. எண்ணெய் இருக்கும் போதே மேலே இன்னொரு கோட் அடித்தால் அதே இடத்தில் அதே குழி திரும்ப வரும், முந்தியே இரண்டை அப்படி அடித்து இரட்டை நட்டப்பட்டிருந்தார். மறுபடி அடிக்கத் தேவைப்பட்ட பவுடரை என் கொள்முதல் விலைக்குக் கொடுத்தேன். இலவசமாகக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எஞ்சின் ஒயிலை விற்ற கணக்கில் அந்த லாபத்தை விட்டுக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் இஷாவுக்குப் பிறகு கடைசிக் கேட் பூட்டியது. வீட்டுக்காரர் டோர்ச் லைட் அடித்து விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, நிறம் கொஞ்சம் கூடக் கறுப்பு என்றார். அதற்கு எங்களிடம் மருந்தில்லை.

டிரையர் நாலு மாதம் கழித்துத் தவணைக்கு வந்து சேர்ந்தது. இப்போது பட்டறைச் சுவரில் ஒரு கடதாசி தொங்குகிறது. சனிக்கிழமை தோறும் சின்னப் பையன் ஹோஸ் நுனியில் வெள்ளைக் கடதாசி பிடித்து, திகதி போட்டு அதில் குத்தி வைக்கிறான். அடி டேப்பைப் பின்னேரம் பட்டறை மூடும் போது அவனே திறக்கிறான். என் கொப்பியில் தம்பியின் பெயருக்கு நேரே கொம்பிரசர் ஒயில் ஒரு லீற்றர் என்று கடைசியாக எழுதிய திகதிக்கு இன்று ஆறு மாதமும் பத்து நாளும்.